பூச்செண்டுப் பிரமுகர்

எங்கள் ஊருக்கு எந்த உத்தியோகஸ்தர் வந்து இறங்கினாலும், அவர் ரயில் பெட்டியின் படியிலிருந்து வலக்காலை எடுத்துப் பிளாட்பாரத்தில் ஊன்றுவதற்கு முன்பே, ரோஜாவும் சம்பங்கியும் நெருக்கிக் கட்டி, அடியில் ஜிகினாத் தாள் சுற்றிய செண்டு ஒன்று அவர் மார்புக்கு நேரே வந்து நிற்கும். அதன் பின்னால் சற்றே குனிந்தபடி நிற்பவர்தான் நம் பூச்செண்டுப் பிரமுகர். அவருக்கு வேறு ஜீவனோபாயம் உண்டா என்று நான் விசாரித்ததில்லை. விசாரித்தவர்களுக்கும் விளங்கியதாகத் தெரியவில்லை.

"மாலையே போடலாமே?" என்று ஒருநாள் கேட்டேன்.

"மாலையில் ஒரு தோஷம் இருக்கிறது, சார். கழுத்தில் விழுந்த மறு நிமிஷமே கழற்றி டவாலிச் சேவகனிடம் கொடுத்துவிடுவார். செண்டைக் கையால் வாங்கித்தானே ஆகவேண்டும்? அவர் வாங்கிவிட்டார் என்பதற்காக நாம் விட்டுவிட வேண்டும் என்று கட்டாயம் இல்லையே!"

வாஸ்தவம். அவர் வீட்டுக் கூடத்துப் படங்களில் எல்லாம், ஒரே காம்பை இரண்டு ஜோடிக் கைகள் பற்றியிருக்கின்றன. போட்டோக்காரரின் விளக்கு மின்னும் வரையில் பிரமுகரின் பிடி தளர்வதில்லை.

பட்டணத்துக்காரர்கள் இதையே 'பொக்கே' என்கிறார்கள். ஆதியில் சிறு மரத்தோப்பைக் குறித்த அந்தப் பிரெஞ்சுச் சொல், பிறகு மலர்க்கொத்தாகச் சுருங்கி, திராட்சை மதுவின் பரிமளத்துக்கும், வாணவேடிக்கையின் முடிவில் வானம் முழுதும் பூத்துச் சொரியும் கடைசி வெடிக்குங்கூடப் பிரெஞ்சுக்காரர் நாட்டில் பெயராயிற்று. நம்முடைய செண்டின் பூர்வ சரித்திரமோ இன்னும் விசித்திரமானது. உக்கிரகுமார பாண்டியன் மேரு மலையை அடித்தது செண்டினால். ஐயனார் கையில் இருப்பது செண்டு. மாடு மேய்க்கும் கோலத்தில் நிற்கும் மன்னார்குடி ராஜகோபாலனுக்குச் செண்டலங்காரன் என்றே திருநாமம். அடிக்கவும் ஓட்டவும் உதவிய கோல் எப்படிப் பூங்கொத்தாயிற்று என்பதைப் பண்டிதர்கள் ஆராயட்டும். நம் பிரமுகர் கையில் அது பழைய தொழிலை மறக்கவே இல்லை. கடை ஏலமோ, குழாய் இணைப்போ, மைத்துனனுக்கு மாற்றலோ, காரியம் எதுவானாலும், பெரிய பெரிய அதிகாரிகள் அந்தச் செண்டின் நுனி அசைந்த திக்கிலேயே நடந்து சென்றதை நான் பிரத்தியட்சமாகக் கண்டிருக்கிறேன். மேருவுக்காவது ஓர் அடி வேண்டியிருந்தது. இவர்களுக்கு வாசனையே போதுமானதாக இருந்தது.

சென்ற மாதம் ஓர் அதிகாரி மாற்றலாகிப் போனார். அவர் ஏறவேண்டிய அதே ரயிலில்தான் புதியவர் வந்து இறங்குவதாக ஏற்பாடு. பழையவர் பழக்க தோஷத்தால் இரண்டு கைகளையும் நீட்டினார். பிரமுகர் அவற்றில் மிகுந்த பவ்வியத்துடன் ஓர் எலுமிச்சம்பழத்தை வைத்தார்.

"துரைகள் காலத்துச் சம்பிரதாயம், சார். என் தகப்பனார் இதைத்தான் கொடுப்பார்" என்றார். அவர் இடக்கை முதுகுக்குப் பின்னால் இருந்தது; கண் முதல் வகுப்புப் பெட்டியின் கதவில் இருந்தது.