மச்சினியை அடகு வைத்துக் கட்டிய மாளிகை

வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார் என்று நம் பெரியவர்கள் இரண்டையும் தனித்தனியாகத்தான் சொல்லிவைத்தார்கள். ஜெர்மானியக் கடவுளர்களின் தலைவர் வோட்டான் இரண்டையும் ஒரே ஒப்பந்தத்தில் போட்டு மாட்டிக்கொண்டார். கட்டவேண்டியது வல்ஹல்லா என்ற மாளிகை. கட்டுகிறவர்கள் ஃபசோல்ட், ஃபாஃப்னர் என்ற அரக்க சகோதரர்கள். கூலி, வோட்டானின் மனைவி ஃப்ரிக்காவுடைய தங்கை ஃப்ரையா. மச்சினியை அடகு வைத்து வீடு கட்டிய முதல் குடும்பத் தலைவர் அவராகத்தான் இருக்கவேண்டும்.

வேலை முடிந்ததும் மேஸ்திரிகள் இருவரும் வாசலில் வந்து நின்றார்கள். "பார்த்துச் செய்யலாம்பா" என்று வோட்டான் இழுத்தார். அவர்கள் ஃப்ரையாவை இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அவள் தோட்டத்து ஆப்பிளைத் தின்றுதான் கடவுளர்கள் இளமையாக இருந்தார்கள். அவள் போன கொஞ்ச நேரத்தில் தேவலோகம் முழுக்க நரை, மூட்டுவலி, கொட்டாவி.

அப்போது லோகே என்ற நெருப்புக் கடவுள் ஒரு யோசனை சொன்னார். ரைன் நதிப் பெண்களிடமிருந்து ஆல்பெரிக் என்ற குள்ளன் தங்கத்தைத் திருடி, உலகையே ஆளும் மோதிரம் செய்துவைத்திருக்கிறான். திருடனிடம் திருடினால் பாவமில்லை. ஆல்பெரிக்கை உசுப்பேற்றித் தேரையாக உருமாற வைத்து, காலால் மிதித்துப் பிடித்து, எல்லாவற்றையும் பிடுங்கினார்கள். அவன் மோதிரத்தைச் சபித்துவிட்டுப் போனான். ஃப்ரையா மறையும் அளவுக்குத் தங்கம் குவிக்கவேண்டும் என்றார்கள் அரக்கர்கள். குவித்தும் இடுக்கு வழியே அவள் கண் தெரிந்தது. அதை மூட மோதிரமும் போயிற்று. பங்கு பிரிக்கும்போதே ஃபாஃப்னர் அண்ணன் தம்பி பாராமல் ஃபசோல்ட்டை அடித்துக் கொன்றான். கடவுளர்கள் அதைப் பார்த்துவிட்டு, வானவில் பாலத்தில் ஏறிப் புதுமனை புகுந்தார்கள்.

இது ஜெர்மன் இசையமைப்பாளர் ரிச்சர்ட் வாக்னரின் 'ரைன் தங்கம்' என்ற இசை நாடகம். இந்தத் திருட்டுக் கதையும் அவருடைய சொந்தச் சரக்கு அல்ல. ஐஸ்லாந்தில் 1220 வாக்கில் ஸ்னோரி ஸ்டுர்லுசன் எழுதிவைத்ததில் கடவுளர்களுக்குக் கோட்டை கட்ட வந்தவன் ஃப்ரேயாவோடு சூரியனையும் சந்திரனையும் சேர்த்துக் கூலியாகக் கேட்டான். அவனுடைய குதிரையால்தான் வேலை வேகமாக நடக்கிறது என்று தெரிந்ததும், லோகி (வாக்னரின் லோகே) பெண் குதிரையாக மாறி அதைக் காட்டுக்குள் கூட்டிப்போய்விட்டார். கெடு தவறியது. கோபப்பட்டவன் மண்டையில் இடிக்கடவுள் தோர் சுத்தியலை இறக்கினார். சில மாதம் கழித்து லோகி எட்டுக்கால் குட்டி ஒன்றை ஈன்றார். இன்னொரு கதையில், கொன்ற நீர்நாயின் தோலைக் கடவுளர்கள் தங்கத்தால் மூடவேண்டும். ஒரே ஒரு மீசை முடி வெளியே தெரிய, அதை ஒரு மோதிரத்தால் மூடினார்கள். இரண்டையும் வெட்டி ஒட்டினார் வாக்னர். மீசை முடி ஃப்ரையாவின் கண்ணாயிற்று. குதிரை விவகாரத்தை மட்டும் நாசூக்காக விட்டுவிட்டார்.

கடன் வாங்குவதில் வோட்டானுக்கே அண்ணன் வாக்னர். 1839இல் கடன்காரர்களுக்குப் பயந்து ரீகாவிலிருந்து ஓடியபோது கூடவே ஒரு பெரிய நாயும் போனது. அதன் பெயர் ராபர், அதாவது கொள்ளைக்காரன். 1849இல் டிரெஸ்டன் கலகத்தில் சேர்ந்து, பிடிவாரண்டுக்குத் தப்பி மறுபடி ஓடினார். நடுவில் 1848இல் கதாநாயகன் சாகிற கடைசிக் கதையை முதலில் எழுதினார். அது புரிய முன்கதை வேண்டும், அந்த முன்கதைக்கு இன்னொரு முன்கதை என்று பின்னாலேயே நடந்து, 'ரைன் தங்கத்தில்' தொடங்கும் 'நிபெலுங்கின் மோதிரம்' என்ற நாலு நாடகம் ஆக்கினார். இசை முடிந்தது 1874இல்.

1864இல் பவேரியாவின் 18 வயது ராஜா இரண்டாம் லுட்விக் வாக்னரின் கடன்களை அடைத்தார். காசு கொடுத்தவர் சரக்கைக் கேட்டபோது வாக்னர் மறுத்தார். 1869இல் ராஜா அவர் பேச்சைக் கேட்காமல் 'ரைன் தங்கத்தை' மியூனிக்கில் அரங்கேற்றினார். வோட்டான் வீட்டை வாங்கிக்கொண்டு கூலி தரவில்லை. வாக்னர் கூலியை வாங்கிக்கொண்டு வீட்டைத் தரவில்லை. 1876இல் பைராய்ட்டில் சொந்த அரங்கு கட்டி நாலையும் ஒருசேர நடத்தினார். மேடைக்காக லண்டனில் செய்யச் சொன்ன டிராகன் பொம்மையின் கழுத்து மட்டும் வந்து சேரவில்லை. பெய்ரூட்டுக்குப் போய்விட்டது என்று கதை உண்டு. விழா முடிந்தபோது சுமார் 1,48,000 மார்க் நஷ்டம். 1882 வரை அரங்கைத் திறக்க முடியவில்லை. ஆல்பெரிக்கின் சாபம் நேரே கல்லாப்பெட்டியில் விழுந்திருக்கிறது.

இப்படிப் பரம்பரையாகத் திருடப்பட்ட கதை கடைசியில் ஒரு கொள்ளைக்காரனிடமே வந்து சேர்ந்தது. ஜப்பானில் லெய்ஜி மட்சுமோட்டோ 1977இல் வரையத் தொடங்கிய காமிக்ஸ் நாயகன் கேப்டன் ஹார்லாக்: கன்னத்தில் தழும்பு, ஒற்றைக் கண், கறுப்பு அங்கி, மண்டையோட்டுக் கொடி பறக்கும் ஆர்கேடியா விண்கப்பல். 1978இல் 42 அத்தியாயத் தொலைக்காட்சித் தொடராகவும் வந்தது. 1999இல் ஆறு அத்தியாய 'ஹார்லாக் சாகா: நிபெலுங்கின் மோதிரம்' வெளியானது. அதில் ரைன் நதி ஒரு கிரகமாயிற்று. வாக்னர் கதையில் அண்ணனிடம் உதை வாங்கும் குள்ளக் கொல்லனாக இருந்த மீமே, இங்கே ஆல்பெரிக்கின் தங்கை. வாய் தெரியாத முகத்தோடு, மதுவை மட்டுமே உணவாகக் கொண்டு ஹார்லாக்கின் கப்பலில் வாழும் நெடுநெடுப் பெண். பதவி உயர்வு என்றால் இதுதான்.

இந்தக் கதையில் ஒற்றைக் கண்ணர்கள் இரண்டு பேர். வோட்டான் உலகத்து ஒப்பந்தங்களையெல்லாம் தன் ஈட்டியில் செதுக்கிவைத்துக்கொண்டு சொந்த ஒப்பந்தத்தையே மீறுகிறவர். ஹார்லாக் எந்த அரசின் சட்டத்துக்கும் கட்டுப்படாமல் நண்பனுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிறவன். எண்ணூறு வருஷமாகக் கைமாறிய கதையில் நாணயமான ஆள் ஒருவன் வேண்டும் என்று தேடிய மட்சுமோட்டோவுக்குக் கடவுளர்களில் யாரும் தேறவில்லை போலிருக்கிறது.

பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஆறு அத்தியாயமும் 'ரைன் தங்கம்' என்ற முதல் நாடகத்தோடு நின்றுவிடுகிறது. மிச்ச மூன்றுக்கும் வாக்னரிடம்தான் போகவேண்டும். சுமார் 12 மணி நேரம் ஆகும். சாப்பிட்டுவிட்டு உட்காருங்கள்.