இருக்கிற ஃபோனுக்கு என்ன குறை?

என் ஃபோன் வருஷம் முழுக்க நல்ல ஃபோன்தான். செப்டம்பர் பிறந்தால்தான் அதற்கு உடம்புக்கு வந்துவிடும். ஆப்பிள்காரர்கள் மேடையேறிப் புது மாடலைக் காட்டிய மறுநாள் காலையில், அதுவரை கண்ணில் படாத கீறல் ஒன்று திரையின் ஓரத்தில் தெரியும். கேமரா திறக்க மூச்சு வாங்கும். மத்தியானத்துக்குள் சார்ஜ் இறங்கிப் பல்லை இளிக்கும். ஜனவரி, பிப்ரவரியில் சாம்சங்காரர்கள் முறை; அப்போது வியாதி இன்னொரு தடவை எட்டிப்பார்க்கும். இத்தனைக்கும் என்னுடையது அந்த இரண்டு கம்பெனி ஃபோனுமில்லை. யார் வீட்டுக் கல்யாணத்துக்கோ இது ஏன் புதுச்சட்டை கேட்கிறது என்று எனக்கே விளங்குவதில்லை.

2025 செப்டம்பரில் வியாதி முற்றிவிட்டது. ஐஃபோன் 17 ப்ரோ ஆரஞ்சு நிறத்தில் வந்தது. ஆரம்ப விலையே 1,34,900 ரூபாய். வீட்டில் மெதுவாகப் பேச்சை எடுத்தேன். விலையைச் சொல்வதற்கு முன்னால் பெருமையைச் சொல்லிவிட வேண்டும் என்பது என் கணக்கு. "போன தடவை வரைக்கும் டைட்டானியம். இப்ப ஒரே துண்டு அலுமினியத்துல பண்ணியிருக்கான்" என்றேன்.

"அலுமினியமா? ஏங்க, அலுமினியப் பாத்திரத்தையெல்லாம் போட்டுட்டு நாம எவர்சில்வருக்கு மாறி எத்தனை வருஷமாச்சு!" என்றாள் மனைவி. 2023-ல் ஆப்பிள் டைட்டானியத்துக்கு மாறியபோது அதன் அருமை பெருமைகளை இதே வாயால் அவளுக்கு அரை மணி நேரம் விளக்கியிருந்தேன். எனவே மேற்கொண்டு பேசவில்லை.

அம்மா வேறு வழி சொன்னாள். நாங்கள் இருப்பது பூந்தமல்லியில். ஸ்ரீபெரும்புதூர்த் தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்றிப்போகும் பேருந்துகள் எங்கள் வழியாகத்தான் போகும். ஐஃபோன் அந்தப் பக்கத்தில்தான் தயாராகிறது என்று யாரோ அவளிடம் சொல்லியிருக்கிறார்கள். "கடையில எதுக்குடா வாங்கணும்? உன் கல்யாணத்துக்குக் காஞ்சிபுரத்துல தறிக்கே போய்ப் பட்டு எடுக்கலையா? ஃபாக்டரி வாசல்ல போய்க் கேளு, குறைச்சுப் போடுவான்." அம்மா கணக்கில் தப்பில்லை. கம்பெனிதான் அதற்கு ஒத்துவராது. 2006 முதல் 2014 வரை அதே ஊரில் நோக்கியா தொழிற்சாலை ஓடியபோதும் வாசலில் போய்க் கேட்டு யாரும் வாங்கிய மாதிரி தெரியவில்லை.

கடைக்குப் போனேன். சும்மா பார்க்கத்தான். சும்மா பார்க்க வருகிறவர்களைக் கடைப்பையன்கள் வாசலிலேயே கண்டுபிடித்துவிடுகிறார்கள். "வாங்க வேணாம் சார், கையில பிடிச்சுப் பாருங்க" என்று கொடுத்தான். பிடித்துப் பார்த்தேன். "நோ காஸ்ட் இஎம்ஐ இருக்கு சார். தினம் ஒரு டீ காசுதான்." இருபத்து நான்கு மாதம் என்றால் மாதத்துக்கு 5,620 ரூபாய் சொச்சம். ஒரு நாளைக்கு 187. பதினைந்து ரூபாய் டீயாக நாளைக்குப் பன்னிரண்டு! அவன் தினமும் குடிக்கிற டீ எந்த ஊர் டீ என்று கேட்கத் தோன்றியது.

அந்த 'நோ காஸ்ட்' சமாசாரத்தையும் சொல்லிவிட வேண்டும். சைபர் சதவீத வட்டி என்று சொல்லி விற்கிற திட்டங்கள் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. அதனால் இப்போது வட்டி உண்டு; அந்த வட்டித் தொகையைக் கடைக்காரர் விலையில் தள்ளுபடியாகக் கழித்துக் காட்டுகிறார், வங்கி அதைத் தவணையில் வாங்கிக்கொள்கிறது. இந்தப் பக்கம் கொடுத்து அந்தப் பக்கம் வாங்குகிற வேலை. நடுவில் அந்த வட்டியின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி என்று ஒன்று நம் கணக்கில் உட்கார்ந்துகொள்கிறது. பெரும்பாலும் பிராசஸிங் கட்டணம் என்று இன்னொன்றும் வரும். கிரெடிட் கார்டு பில்லின் கடைசி வரிகளைப் படிக்கிற பழக்கமில்லாதவர்களுக்கு இது உண்மையாகவே நோ காஸ்ட்தான்.

எக்ஸ்சேஞ்சில் பழசைப் போட்டால் எவ்வளவு வரும் என்று பார்க்கலாம் என்று பையன் டேப்லெட்டை நீட்டினான். ஆரம்பத்தில் கௌரவமான ஒரு தொகை இருந்தது. பிறகு கேள்விகள். திரையில் கீறல் உண்டா? உண்டு என்று தட்டினேன், குறைந்தது. ஓரத்தில் அடிபட்டிருக்கிறதா? இருக்கிறது. இன்னும் குறைந்தது. ஒரிஜினல் பெட்டி? பெட்டியில் மனைவி நூல்கண்டு, ஊசி வைத்திருக்கிறாள். அதற்கும் குறைந்தது. உண்மை பேசப் பேச விலை இறங்குவதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன். கடைசியில் நின்ற தொகைக்குப் புது ஃபோனின் கவரும் டெம்பர் கிளாஸும் வரும்.

சரி, கேமராவுக்காகவாவது வாங்கலாமே என்று மனம் வாதாடியது. சாம்சங் எஸ்23 அல்ட்ராவில் 2023-லேயே 200 மெகாபிக்சல் வந்துவிட்டது. அதில் ஒரு விஷயம்: நீங்களாகத் தேடிப் போய்க் கேட்டால் ஒழிய அது 200-ல் படம் எடுப்பதில்லை. பதினாறு புள்ளிகளை ஒன்றாகச் சேர்த்து 12 மெகாபிக்சல் படமாகத்தான் கொடுக்கிறது. இருட்டில் அது நல்லதும்கூட. அதை நாம் வாட்ஸ்அப்பில் போட்டதும் அது இன்னும் நசுக்கிச் சிறிதாக்கி அனுப்பும். என் கேலரியைத் திறந்து பார்த்தேன். மின்மீட்டர் ரீடிங், மாமனாரின் மருந்துச் சீட்டு, ஆதார் முன்பக்கம், ஆதார் பின்பக்கம், வண்டி நிறுத்திய தூணின் நம்பர். மீதி முழுக்கச் சித்தப்பா அனுப்பிய குட்மார்னிங் ரோஜாக்கள். 'ஸ்டோரேஜ் ஃபுல்' என்று ஃபோன் அலறுவதற்குச் சித்தப்பாதான் காரணம். அவரை எக்ஸ்சேஞ்சில் எடுப்பதில்லை.

இனி பாக்கியிருந்தது ஒரே காரணம்: ஃபோன் மெதுவாகிவிட்டது. புது மாடல் வந்தால் பழசைக் கம்பெனிக்காரனே மந்தமாக்கிவிடுகிறான் என்று என் நண்பர் ஒருவர் சத்தியம் செய்வார். முழுக்கக் கட்டுக்கதை என்றும் தள்ள முடியாது. பேட்டரி தேய்ந்த பழைய ஐஃபோன்களின் வேகத்தைத் தாங்கள் குறைப்பதை 2017 டிசம்பரில் ஆப்பிளே ஒப்புக்கொண்டது. திடீரென்று அணைந்துவிடாமல் இருக்கத்தான் அப்படிச் செய்தோம் என்றது. வாங்கியவர்களிடம் அதைச் சொல்லாததற்காக 2020-ல் பிரான்ஸ் இரண்டரைக் கோடி யூரோ அபராதம் போட்டது. வழக்கு விவரங்களைவிட அதற்கான மருந்துதான் எனக்குச் சுவாரசியமாகப் பட்டது. புது பேட்டரி போட்டால் வேகம் திரும்பிவிடுமாம்.

அண்ணா சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் ரிச்சி தெரு. கட்டைவிரல் அகலக் கடையில் ஒரு தம்பி, ஹீட்டரில் சூடுகாட்டி, மெல்லிய பிளாஸ்டிக் தகட்டை விட்டு என் ஃபோனின் முதுகைத் திறந்தான். உள்ளே பேட்டரி, பூரி மாதிரி உப்பியிருந்தது.

"சார், பேட்டரிதான் செத்துடுச்சு. செட்டு நல்ல செட்டு."

லித்தியம் பேட்டரி எல்லாவற்றுக்கும் இந்தக் கதிதான். ஐஃபோன் 14 வரையிலான மாடல்களில் 500 முழுச் சார்ஜுக்குப் பிறகு பேட்டரியின் கொள்ளளவு 80 சதவீதம் இருக்கும், 15-லிருந்து அதுவே 1,000 சார்ஜ் என்பது ஆப்பிளே கொடுக்கிற கணக்கு. அதற்குப் பிறகு மாற்ற வேண்டியது பேட்டரியை. நாம் ஃபோனை மாற்றுகிறோம்.

ஆயிரத்து இருநூறு ரூபாய் வாங்கிக்கொண்டு, டீ வருவதற்குள் மாட்டி மூடிவிட்டான். "இன்னும் மூணு வருஷம் அசையாது சார், தைரியமா எடுத்துட்டுப் போங்க" என்று வாழ்த்தினான். எனக்கு வயிற்றைக் கலக்கியது. இருந்த ஒரே காரணத்தையும் இந்தப் பையன் பிடுங்கிக்கொண்டானே!

ஃபோனை மாற்றியே ஆக வேண்டிய கட்டம் ஒன்று உண்டு. பாதுகாப்பு அப்டேட் நின்றுபோன ஃபோனில் வங்கிக் கணக்கை வைத்துக்கொண்டிருப்பது சரியில்லை. கூகுள் பிக்சல் 8-க்கும் சாம்சங் எஸ்24-க்கும் ஏழு வருஷம் அப்டேட் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். என்னுடையது அந்த ஜாதியில்லை, இருந்தாலும் இன்னும் வந்துகொண்டிருக்கிறது. அது நிற்கிற அன்று பார்த்துக்கொள்ளலாம்.

மெதுவாகிவிட்டது, சார்ஜ் நிற்கவில்லை என்று அலுத்துக்கொள்கிறவர்கள் ஒரு நடை ரிச்சி தெருவுக்குப் போய்வாருங்கள். புதுசு வாங்கியே தீருவது என்று முடிவெடுத்துவிட்டவர்கள் மட்டும் தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள். சரிபண்ணிக் கொடுத்துவிடுவார்கள்.