வாசலில் நிறுத்தும் மூன்றெழுத்து

கேள்வி: எச்.ஐ.வி. உள்ளவருக்குப் புற்றுநோய் வந்தால் புது மருந்து ஆய்வில் சேர்த்துக்கொள்வார்களா?

பதில்: அமெரிக்காவில் வெகுகாலம் வாசலிலேயே நிறுத்தினார்கள். புற்றுநோய் எந்தக் கட்டம், உடம்பு தாங்குமா என்று பார்ப்பதற்கு முன்பே, எச்.ஐ.வி. என்றால் தகுதியில்லை. எதிர்ப்புச் சக்தி வற்றி நோயாளிகள் மடிந்த நாளில் அதற்கு நியாயம் இருந்தது. 1996 வாக்கில் கூட்டு மருந்துகள் வந்து ஆயுளை நீட்டின. விதியை மட்டும் பழைய ஆய்விலிருந்து புதிய ஆய்வுக்கு அப்படியே நகலெடுத்துக்கொண்டிருந்தார்கள்.

கேள்வி: எதிர்ப்புச் சக்தியைத் தட்டியெழுப்பும் இம்யூனோதெரபி இவர்களுக்கு ஆபத்தில்லையா?

பதில்: கேட்க வேண்டிய கேள்வி. அமெரிக்க ஆய்வாளர்கள் கேட்டார்கள். வைரஸ் கட்டுக்குள் இருந்த, சி.டி.4 என்ற எதிர்ப்பு அணுக்களின் எண்ணிக்கை 100-க்குக் குறையாத 30 பேருக்குப் பெம்ப்ரோலிசுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்தைக் கொடுத்து, 2019-ல் முடிவை வெளியிட்டார்கள். பக்கவிளைவுகள் பொதுவாக மற்ற நோயாளிகளுக்கு வருவதைப் போலத்தான் இருந்தன. ஒருவர் இறந்தார், கப்போசி சார்கோமாவை உண்டாக்கும் ஹெர்பிஸ் வைரஸ் தொடர்பான ரத்த அணுப் பெருக்கம் அவருக்கு வந்தது. இதை மறைத்துப் பேசக் கூடாது. அந்த ஆபத்து தெரியவந்ததே எச்.ஐ.வி. உள்ளவர்களை ஆய்வுக்குள் விட்டதால்தான். வெளியே நிறுத்தியிருந்தால், மருந்து கடைக்கு வந்த பிறகு யாரோ ஒருவர் கண்காணிப்பு இல்லாமல் அதைச் சந்தித்திருப்பார்.

கேள்வி: இரண்டு நோய் மருந்தும் மோதிக்கொள்ளுமே?

பதில்: சில மோதும். எச்.ஐ.வி. சிகிச்சையில் சேர்க்கப்படும் ரிட்டோனவிர், கோபிசிஸ்டாட் இரண்டும் கல்லீரலில் மருந்தைச் சிதைக்கும் நொதியை முடக்குவதால், வின்பிளாஸ்டின் போன்ற கீமோ மருந்துகள் ரத்தத்தில் தேங்கி நஞ்சாகலாம். டோலுடெகிராவிர் என்ற எச்.ஐ.வி. மருந்து அந்த நொதியை முடக்குவதில்லை. மாத்திரையை மாற்றினால் போதும், ஆளை ஏன் விலக்க வேண்டும்?

கேள்வி: இப்போதாவது சட்டம் மாறிவிட்டதா?

பதில்: சட்டமல்ல, வழிகாட்டுதல். 2020 ஜூலையில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் வெளியிட்டது. சி.டி.4 350-க்குக் குறையாதவர்களைப் பொதுவாகச் சேர்க்கலாம் என்கிறது, கட்டாயம் இல்லை. 'விலக்குகிறாயா, காரணத்தை எழுது' என்று மருந்து நிறுவனத்தைக் கேட்கும் விதி வர வேண்டும் என்பேன்.

கேள்வி: சிலருக்காக இவ்வளவு மெனக்கெட வேண்டுமா?

பதில்: எச்.ஐ.வி. உள்ள பெண்ணுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்ற பெண்களைவிட 6 மடங்கு. இவர்களா சிலர்? ஒரே ஒருவருக்காக மெனக்கெட்டாலும் வீணாகாது, திமோதி ரே பிரவுனை நினைத்துக்கொள்ளுங்கள். எச்.ஐ.வி.யோடு ரத்தப் புற்றுநோயும் வந்தவர். 2007-ல் பெர்லினில், எச்.ஐ.வி. எளிதில் நுழைய முடியாத அணுக்கள் கொண்ட ஒருவரின் ஸ்டெம்செல்லை அவருக்குப் பொருத்தினார்கள். எச்.ஐ.வி.யிலிருந்து குணமான முதல் மனிதர் அவர்தான். 2020-ல் அவர் உயிரைப் பறித்தது, திரும்பி வந்த புற்றுநோய்.

கேள்வி: என் அண்ணனுக்கு இரண்டும் இருக்கிறது. டாக்டரிடம் என்ன கேட்பது?

பதில்: ஆய்வின் விலக்குப் பட்டியலைக் காட்டச் சொல்லுங்கள். 'எச்.ஐ.வி.' என்று இருக்கிறதா, 'கட்டுப்பாட்டில் இல்லாத எச்.ஐ.வி.' என்று இருக்கிறதா என்று பாருங்கள். இந்திய ஆய்வுகளின் பதிவேடான சி.டி.ஆர்.ஐ.யில் இந்தப் பட்டியலை யாரும் படிக்கலாம். அண்ணனின் கடைசி சி.டி.4, வைரல் லோடு (ரத்தத்தில் வைரஸின் அளவு) முடிவுகளையும் மாத்திரைச் சீட்டையும் கையோடு எடுத்துப் போங்கள். ஆய்வில் சேர வேண்டுமென்று ஏ.ஆர்.டி. என்ற எச்.ஐ.வி. மாத்திரையை அவராகவே நிறுத்த விடாதீர்கள்.