பானெட்டில் அண்ணாச்சியின் கையெழுத்து

அண்ணாச்சியின் கார் வெள்ளை நிறம். வெயில் ஊரில் வெள்ளைதான் சூடு தாங்கும் என்பது அவர் ஊருக்குச் சொல்லும் காரணம். வெள்ளையில்தான் அழுக்கு உடனே தெரியும், தெரிந்தால்தான் துடைக்க முடியும் என்பது சொல்லாத காரணம். சிவகாசியில் பட்டாசு ஏஜென்சி, திருத்தங்கலில் அச்சகம், விருதுநகரில் பருப்பும் வத்தலும் விற்கும் கமிஷன் கடை என்று தொழில் மாறலாம்; ஆள் மாறமாட்டார். காலை ஆறரை மணிக்கு வேட்டியை மடித்துக் கட்டி, பனியனோடு, தோளில் கிடந்த துண்டையே கையில் எடுத்துக்கொண்டு காரின் மூக்கருகே நிற்பவர் யாரோ அவர்தான் அண்ணாச்சி. முந்தைய இரவு வசூலை முடித்துக்கொண்டு மதுரையிலிருந்து தேசிய நெடுஞ்சாலை 44 வழியாக வந்திருப்பார். அதுவும் ஐப்பசியில் ஒரு மழை பெய்து ஓய்ந்த மாலை என்றால் கேட்கவே வேண்டாம். கரிசல் மண்ணைப் பிளந்து ஈசல் கிளம்பும், பருத்திக் காட்டிலிருந்து அந்துப்பூச்சி வரும், கண்மாய்ப் பாசன வயலிலிருந்து பச்சைத் தத்துப்பூச்சி வரும். ஹெட்லைட் வெளிச்சம் அத்தனை பேருக்கும் வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கும். விடிந்து பார்த்தால் பம்பர், பானெட், முன்கண்ணாடி எல்லாம் மஞ்சளும் பச்சையுமாகப் புள்ளிகள். நெடுஞ்சாலையில் எத்தனையோ வண்டி போகையில் இந்தப் பூச்சிகள் தன் காரை விசாரித்துக்கொண்டு வந்து மோதியதாகவே அண்ணாச்சி நம்புகிறார்.

வாங்கி இரண்டு வருஷம் ஆன அவர் காரை வெயிலில் நிறுத்திச் சற்றுச் சாய்ந்து பார்த்தால், பெயின்ட் முழுக்க மெல்லிய வட்டக் கோடுகள் மின்னும். கேட்டால், “எல்லாம் இந்தப் பூச்சி பண்ற வேலை” என்பார். இந்தக் குற்றச்சாட்டைத் தடயங்களோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது. நேராக வந்து மோதிச் சாகிற பூச்சி புள்ளி வைக்கும், வட்டம் போடாது. வட்டம் போடுவது தோள்பட்டையில் கீல் வைத்தாற்போல் சுழலும் மனிதக் கை. கோடுகள் எங்கே அதிகம் என்று பாருங்கள். பானெட்டின் இரு ஓரங்களிலும், அதாவது நின்றபடி கை எட்டும் தூரத்தில், நெருக்கமாக இருக்கும். எக்கினாலும் தொந்தி இடிக்கிற நடுப்பகுதியில் பெயின்ட் ஷோரூமில் இருந்தபடியே பளபளக்கும். பூச்சி அதிகம் மோதுவதோ முகப்பின் நடுவில். கம்பெனிச் சின்னத்தைச் சுற்றிக் கோடுகள் இன்னும் ஆழம், ஏனென்றால் அங்கே பாசம் கூடுதல். பூச்சி அநேகமாக மோதவே மோதாத பின்கதவிலும் அதே வட்டங்கள் இருக்கின்றன. முகப்பைத் துடைத்த துண்டு உதறப்படாமல் அப்படியே ஊர்வலம் போனதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். பூச்சி குற்றவாளி இல்லை. அண்ணாச்சி தன் காரில் தினமும் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறார்.

பூச்சியை நியாயமாக நடத்த வேண்டுமானால் அதன் உடம்பைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். பெரும்பாலான பூச்சிகளின் ரத்தத்தில் ஹீமோகுளோபின் இல்லை. அதனால்தான் கண்ணாடியில் சிவப்புக்குப் பதில் மஞ்சளும் பச்சையும். அதில் புரதம் நிறைய உண்டு. சூடான பானெட்டில் அது காய்ந்ததும் பசையாகிவிடுகிறது. அந்தப் பசையில் கைட்டின் என்ற கடினப் பொருளாலான ஓடும் சிறகும் காலும் ஒட்டிக்கொள்கின்றன. இதனால் மட்டும் பெரிய கீறல் விழாது. கூடவே, விருதுநகரிலிருந்து சாத்தூர் போகும் வழியெல்லாம் கரிசல் புழுதியும் மணலும் சுக்காங்கல் பொடியும் வண்டியில் படிந்திருக்கின்றன. மணலில் இருக்கும் குவார்ட்ஸ் துகள் கண்ணாடியையே கீறக்கூடியது. அதற்கு எதிரே இருப்பதோ காரின் மேல் வார்னிஷ். பெயின்ட் அடுக்குகள் எல்லாம் சேர்ந்தே சுமார் 100 முதல் 150 மைக்ரான். அதில் நிறத்துக்கு மேலே பூசிய நிறமில்லாத வார்னிஷ் 40, 50 மைக்ரான்தான், ஒரு தலைமுடியின் தடிமன்கூடத் தேறாது. காய்ந்த துண்டால் தேய்க்கும்போது அண்ணாச்சி பூச்சியை எடுப்பதாக நினைக்கிறார். அவர் உண்மையில் செய்வது, மணலைத் துணியில் ஏற்றி வார்னிஷை இழைப்பது.

இது தெரியாமல் செய்கிற தப்பு என்று மன்னித்துவிட முடியாது. உரசினால் என்ன ஆகும் என்பதை உலகத்துக்கே சொல்லிக்கொடுக்கத் தகுதியுள்ள ஊர்க்காரர் அவர். 1922இல் பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்ததிலிருந்து, சிவகாசிப் பக்கத்துப் பொருளாதாரம் நின்றதே உரசலின் மேல்தான். தீக்குச்சியின் மருந்தில் பொட்டாசியம் குளோரேட்டோடு கண்ணாடித்தூள் கலப்பார்கள். பெட்டியின் பக்கவாட்டில் சிவப்புப் பாஸ்பரஸோடும் கண்ணாடித்தூள் இருக்கும். சொரசொரப்பான துகள் இரண்டு பக்கமும் இருந்தால்தான் உரசல் வேலை செய்யும் என்பது அங்கே குழந்தைக்கும் தெரிந்த பாடம். பட்டாசு ஆலையில் இதற்கு நேர் எதிர். உரசல்தான் அங்கே முதல் எதிரி. மருந்து கலக்கும் அறைக்குள் இரும்புக் கருவி கூடாது, ஆணி அடித்த செருப்பு கூடாது, தரையில் மணல் கிடக்கக் கூடாது. இந்த விதிகளில் ஒன்று மீறப்பட்டாலும் போர்மேனைக் கூப்பிட்டுக் கத்துகிற அதே அண்ணாச்சி, வீட்டு வாசலில் மணல் படிந்த பானெட்டைக் காய்ந்த துணியால் உரசிக்கொண்டு நிற்கிறார். ஆலை வாசலில் கழற்றிவிட்ட அறிவை மறுபடி மாட்டிக்கொள்ள மறந்து வீட்டுக்கு வந்துவிடுகிறார் போலிருக்கிறது.

பொறுமை இல்லாதவர், சுபாவமே அப்படி என்று யாராவது அவருக்காக வாதாடலாம். அதுவும் எடுபடாது. தீபாவளிக்குச் சில வாரம் முன்பு ஆயுதபூஜை வருகிறது. அன்று காருக்கு மாலை போட்டு, சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து, பானெட்டில் சந்தனம் குழைத்துப் பொட்டிட்டுக் குங்குமம் வைக்கிறார். மூன்று நாள் கழித்து அந்தச் சந்தனம் காய்ந்து பெயின்ட்டோடு ஒட்டிக் கிடக்கும். அதை எப்படி எடுக்கிறார் என்று கவனியுங்கள். முதலில் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து மெதுவாக ஊற்றுகிறார். கொஞ்ச நேரம் விடுகிறார். மறுபடி ஊற்றுகிறார். பிறகு ஒற்றை விரலால், சாமி காரியம் என்பதால் நகம் படாமல், வழித்து எடுக்கிறார். ஒரு கீறல் விழுவதில்லை. ஒட்டியதை எடுக்கும் கலை முழுவதும் அந்த ஐந்து நிமிஷத்தில் அடங்கிவிட்டது. அண்ணாச்சிக்கு அது கைவந்த கலை. ஆக, தெரியாமையும் இல்லை, பொறுமையின்மையும் இல்லை. சந்தனத்தின் மேல் மரியாதை இருக்கிறது, அதனால் ஊறவைக்கிறார். பூச்சியின் மேல் கோபம் இருக்கிறது, அதனால் தேய்க்கிறார். கீறல் கோபத்தின் கணக்கில் விழுகிறது; செலவு மட்டும் காரின் கணக்கில்.

அவருடைய பலமான ஆட்சேபம் இனிமேல்தான் வருகிறது: “ஊறவச்சுக்கிட்டே இருந்தா பூச்சியில இருக்கிற ஆசிட் பெயின்ட்டத் தின்னுரும்.” இதில் உண்மை இருக்கிறது. பூச்சியின் உடல்நீரைச் சித்திரை வெயிலில் நாள்கணக்கில் விட்டால் வார்னிஷில் நிரந்தரக் கறையே படியலாம். அதனால் அன்றைக்கே எடுப்பதுதான் சரி. ஆனால் அன்றைக்கே என்பதும் இந்த நொடியே என்பதும் ஒன்றல்ல. இரவு முழுக்க ஷெட்டில் நின்ற வண்டிக்கு இன்னொரு பத்து நிமிஷத்தில் ஒன்றும் குடிமுழுகிவிடாது. வழியில் அவசரப்பட்டதன் பலனை அவர் முந்தின இரவே அனுபவித்திருப்பார். ஆர்.ஆர்.நகர் தாண்டும்போது கண்ணாடியில் ஈசல் அப்பியதும் தண்ணீர் பீய்ச்சாமலே வைப்பரைப் போட்டிருப்பார். தனித்தனிப் புள்ளிகளாக இருந்தது ஒரே பூச்சாகி, எதிரே வருவது லாரியா ஆம்னி பஸ்ஸா என்று தெரியாமல் சாத்தூர் வரை ஊர்ந்திருப்பார். காய்ந்த துணி பானெட்டில் செய்வதையேதான் காய்ந்த வைப்பர் கண்ணாடியில் செய்தது.

இரண்டாவது ஆட்சேபம் தண்ணீர். ஆண்டுக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழை பெய்யும் மாவட்டத்தில், குடிதண்ணீருக்குக் குடத்தை வரிசையில் வைத்துப் பழகிய ஊரில், காரை ஊறவைப்பது அடுக்குமா? கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் ஊறவைக்க வேண்டியது பூச்சியை மட்டும். காரைக் குளிப்பாட்ட வேண்டியதில்லை. ஒரு பழைய பூத்துவாலையைத் தண்ணீரில் நனைத்து, பிழியாமல், பானெட் மேலும் பம்பர் மேலும் நிழலில் பத்துப் பதினைந்து நிமிஷம் போர்த்தி வைத்தால் போதும். துவாலை காயப் பார்த்தால் இன்னும் ஒரு செம்புத் தண்ணீர். பசை இளகியதும் இன்னொரு செம்பை ஊற்றி மணலைக் கழுவிவிட்டு, கார் ஷாம்பு கலந்த தண்ணீரில் முக்கிய மைக்ரோஃபைபர் துணியால் ஒரே திசையில் இழுத்தால் சிறகும் காலும் தாமாக வந்துவிடும். துணியை அடிக்கடி அலசினால் சரி. மொத்தம் ஒரு வாளி. போர் தண்ணீர் உப்பாக இருந்தால் வெயிலில் காயவிடாமல் கடைசியில் ஒற்றி எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் பூச்சிப் புள்ளி போய் உப்புப் புள்ளி வந்துவிடும். தேய்த்துக் கோடு போட்டுவிட்டு, அதை மறைக்க வாட்டர் சர்வீஸில் விட்டு, அங்கே ஓடுகிற தண்ணீரைக் கணக்கிட்டால் தண்ணீரை வீணடிப்பவர் யார் என்பது தெரிந்துவிடும்.

ஊரில் கிடைக்கும் மருத்துவக் குறிப்புகள் தனிக் கதை. அச்சகம் வைத்திருக்கும் அண்ணாச்சி, மிஷினில் மை துடைக்கிற பனியன் வேஸ்டையும் மண்ணெண்ணெயையும் நம்புவார். அந்தத் துணியில் ஏற்கெனவே எத்தனை பொடி ஒட்டியிருக்கிறது என்பதை யாரும் எண்ணியதில்லை. மேலும் பெட்ரோல், தின்னர் போன்றவை பாலிகார்பனேட் ஹெட்லைட்டில் பட்டால் நுண்ணிய விரிசல் விழலாம். பூச்சியோடு வெளிச்சமும் போய்விடும். கடை வைத்திருக்கும் அண்ணாச்சி பாத்திரம் துலக்கும் பச்சை நாரை எடுப்பார். தோசைக்கல்லில் கருகியதையே சுரண்டும் பொருள் அது, வார்னிஷுக்கு எம்மாத்திரம்? பாத்திரம் கழுவும் சோப்பு கீறாது; ஆனால் ஆயிரக்கணக்கில் கொடுத்துப் பூசிய மெழுகைச் சத்தமில்லாமல் கழுவிக்கொண்டு போகும். மெழுகு இருந்திருந்தால் அடுத்த பூச்சி இவ்வளவு பிடிவாதமாக ஒட்டியிராது. ஆக இந்த வைத்தியம் அடுத்த நோய்க்கு முன்பணம் கட்டுகிறது.

“ஒரு காருக்குப் போய் இத்தனை ஆராய்ச்சியா, பூச்சி அப்பினால் அப்பட்டும்” என்று இன்னொரு பக்கமிருந்து ஞானிகள் சொல்லக்கூடும். பூச்சிக்கு அதற்குமேலும் மதிப்பு உண்டு என்று காட்டியவர்கள் இருக்கிறார்கள். டென்மார்க்கில் 1997 முதல் 2017 வரை ஒரே சாலைகளில் கார் ஓட்டி, முன்கண்ணாடியில் மோதிய பூச்சிகளை எண்ணினார்கள். ஒரு சாலையில் எண்ணிக்கை சுமார் 80 சதவீதம் சரிந்திருந்தது. பிரிட்டனில் நம்பர் பிளேட்டில் மோதியதை எண்ண வைத்தார்கள். அந்த வகையில் ஐப்பசி இரவில் பானெட் நிறையப் பூச்சியோடு வீடு சேர்கிற அண்ணாச்சி, கரிசல் காட்டில் இன்னும் உயிர் இருக்கிறது என்ற சான்றிதழைச் சுமந்துகொண்டு வருகிறார். ஆனால் இதைச் சொல்லி அவரைச் சமாதானப்படுத்த முடியாது. கோயம்புத்தூர் பார்ட்டி காலை பத்து மணிக்கு ஆர்டர் பேச வருகிறார். அவர் முன்னால் சான்றிதழோடு நிற்க முடியுமா? தொழிலில் மரியாதை காரின் முகத்தில் இருக்கிறது என்று அண்ணாச்சி கருதுவதில் தவறில்லை. அதற்காகத்தான் இத்தனை வாதமும்: வெயிலில் பார்ட்டியின் கண்ணில் முதலில் படப்போவது பூச்சி இல்லாத பானெட்டா, கோடு விழுந்த பானெட்டா?

அண்ணாச்சி திருந்துவாரா என்றால், சந்தேகம்தான். ஈரத் துவாலையைப் போர்த்துவார். பத்து நிமிஷம் சும்மா நிற்பது அவரால் ஆகாது. மூன்றாவது நிமிஷத்தில் ஓரத்தைத் தூக்கிப் பார்ப்பார், ஐந்தாவது நிமிஷத்தில் “லேசா ஒரு தேய்” என்று கை போய்விடும். உழைத்து முன்னேறிய மனுஷனுக்கு, உழைக்காமல் ஒரு வேலை முடிகிறது என்றால் அது வேலையாகவே தெரிவதில்லை. எனவே அவருக்குப் புத்தி சொல்வதைவிட ஆளை மாற்றுவதே வழி. எந்தக் கூட்டுக் குடும்பத்திலும் ஒரு மச்சான் இருப்பார். “ஒண்ணுக்கும் உதவாதவன்” என்று அண்ணாச்சியே பட்டம் கொடுத்து வைத்திருப்பார். காரின் முகத்தை அவரிடம் ஒப்படைக்கலாம். அவர் துவாலையை நனைத்துப் போர்த்திவிட்டு டீக்கடைக்குப் போவார். பேப்பரை விளம்பரம் உட்பட வாசித்து, இரண்டாவது டீயும் குடித்துவிட்டு அரை மணி கழித்து வருவார். அதற்குள் பூச்சியெல்லாம் ஊறி இளகி, ஒரு செம்புத் தண்ணீருக்கே வழிந்து ஓடத் தயாராக இருக்கும். அன்றைக்கு வீட்டில் சரியாக நடந்த வேலை அது ஒன்றாகவே இருக்கலாம். அண்ணாச்சியால் ஒப்புக்கொள்ள முடியாததும் அதுவாகத்தான் இருக்கும்.