காசு கொடுத்து வாங்கிய பலகை

1980களில் பினாங்குத் தீவில் கட்டிய தாமான் வீடுகளில் பலவற்றுக்கு ஒரு பொதுக்குணம் உண்டு. கீழே கல் தரை, மாடியில் படுக்கையறைக்கு மட்டும் பார்க்கே. விரல் நீளக் கட்டைகளை அடுக்கி, ஒரு கட்டம் குறுக்கே, அடுத்த கட்டம் நெடுக்கே என்று சிமெண்டின் மேல் கறுப்புப் பசையில் ஒட்டிய மரத்தரை. கட்டிய புதிதில் பளபளவென்று இருந்திருக்கும். ஜெலுத்தோங்கில் நாங்கள் வீட்டை வாங்கியபோது அதற்குப் பேச்சு வந்துவிட்டிருந்தது. அலமாரிப் பக்கம் போனால் ‘டக்’, சன்னல் பக்கம் போனால் ‘டொக் டொக்’. மிச்சமிருக்கும் கேசரியில் ஒரு வாய் போட்டுவிட்டு வரலாம் என்று நடுராத்திரியில் என் கணவர் எழுந்தால், இரண்டாவது எட்டிலேயே தரை என்னை எழுப்பிவிடும். சர்க்கரை நோயாளி இருக்கும் வீட்டில் இதைவிட நல்ல காவல் அமையாது. ஆகவே தரையை மாற்றும் யோசனை எங்கள் இருவரில் யாருக்கு உதித்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

“ஆள் வச்சா கூலியே பலகை விலைக்கு வந்துரும். நம்மளே போட்டுருவோம்,” என்றார்.

அந்த ‘நம்ம’வில் நானும் அடக்கம் என்பது கடப்பாரை கையில் வந்தபோதுதான் தெரிந்தது.

அவர் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். 1972-ல் தொடங்கிய அந்தப் பேட்டை பினாங்குத் தமிழர் வீடுகளுக்கு எவ்வளவோ நல்லது செய்திருக்கிறது. சில்லுத் தொழிற்சாலையில் மைக்ரோன் கணக்கில் அளந்து பழகிய ஒரு கணவரையும் எனக்குத் தந்தது. படுக்கையறையை அளக்க அவர் வெர்னியர் காலிப்பர் எடுத்து வந்தார். அறைக்கு அது தெரியாது. ஒரு சுவரை ஒட்டி 12 அடி, எதிர்ச் சுவரை ஒட்டி 11 அடி பத்தரை அங்குலம். மூலைமட்டத்தை நான்கு மூலையிலும் வைத்துப் பார்த்தார், ஒன்றுகூட ஒத்துவரவில்லை. “இந்த வீட்டைக் கட்டினவன் கியூ.சி.யில பாஸே ஆயிருக்க மாட்டான்,” என்று அன்று முழுக்க வருத்தப்பட்டார்.

மரம் தேர்ந்தெடுக்கும் படலத்துக்கு முன்னால் ஆராய்ச்சிப் படலம் ஒன்று நடந்தது. வெல்ட் கீ கடலோரம் சூ ஜெட்டிக்குக் கூட்டிப்போனார். சீனக் குடும்பங்கள் கடலுக்கு மேல் கால் நட்டு, பலகை பாவி, தலைமுறை தலைமுறையாக இருக்கும் இடம். சுற்றுலாக்காரர்கள் கடலைப் படமெடுத்தார்கள். இவர் குனிந்து பலகை இடுக்கைப் படமெடுத்தார். “உப்புத் தண்ணிக்கு மேலயே நிக்குது பாத்தியா? நம்ம மாடி எம்மாத்திரம்!” பிறகு லிட்டில் இந்தியாவுக்குப் பக்கத்தில் ஒரு தோழியின் கடைவீடு. ஜார்ஜ் டவுன் 2008-ல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய பிறகு இந்தக் கடைவீடுகளுக்கு வந்த மவுசு உங்களுக்குத் தெரியும். மாடி முழுக்க அகலப் பலகை. தோழி பெருக்கினால் தூசி பாதி கீழ்க்கடைக்குப் போய்விடுகிறது. அவள் அதைக் குறையாகவே நினைக்கவில்லை. பழைய பாபா நோன்யா வீடுகளில் வாசலுக்கு நேர் மேலே மாடிப் பலகையில் ஒரு சிறு ஓட்டை வைத்திருப்பார்கள். கதவைத் தட்டுவது யார் என்று மேலிருந்தே எட்டிப் பார்த்து, திறப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யலாம். மரத்தரையின் முழுப் பயனும் எனக்கு அன்றுதான் விளங்கியது. தீபாவளி நேரத்தில் எவ்வளவு உதவியாக இருந்திருக்கும்! எங்கள் மாடி கான்கிரீட். கொடுத்துவைக்கவில்லை.

எதிர்ப்பு என் மாமியாரிடமிருந்து வந்தது. அத்தை நிபோங் திபால் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே பால் வெட்டி, பலகை வீட்டில் ஏழு பிள்ளைகளை வளர்த்தவர். பலகை இடுக்கில் காற்று வரும், மழை வரும், பக்கத்து வீட்டுச் சண்டையும் வரும். கல்வீட்டில் சிமெண்ட் தரையில் காலை நீட்டி உட்கார்வதுதான் அவர் வாழ்க்கையில் கேட்ட ஒரே வரம். மகன் வேலைக்குப் போய் அந்த வரத்தைத் தந்தான். இப்போது அதே மகன் பலகை வாங்கப் போகிறான்.

“பலகை வீட்லேந்து தப்பிச்சு வர எனக்கு நாப்பது வருசம் ஆச்சு. நீ காசு குடுத்துத் திரும்பப் போறியா?”

இதற்குப் பதில் அவரிடமும் இல்லை, என்னிடமும் இல்லை. கடைக்குக் கூட்டிப்போனால் மனம் மாறும் என்று அத்தையையும் காரில் ஏற்றினோம்.

பினாங்குப் பாலத்துக்கு அந்தப் பக்கம் பெரிய தரைக்கடை. குளுகுளு ஏர்கான், சுவரெல்லாம் பலகை மாதிரிகள். விற்பனைப் பெண் பழுப்பு மஞ்சளில் ஒரு பலகையை எடுத்து நீட்டி, மலாயில், “இது மலேசியன் ஓக், ஆன்ட்டி. இப்போ எல்லாரும் இதுதான்,” என்றாள். அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாங்கினார். விரலால் ஒரு தடவு. மூக்கருகே கொண்டுபோய் ஒரு மோப்பம்.

“இது பால் மரம்,” என்றார்.

அந்தப் பெண் சிரித்தாள். அத்தை சிரிக்கவில்லை. “இத்தனை வருசம் இதோட முகத்துலதான் முழிச்சேன். என்கிட்டயே பேரு மாத்திச் சொல்லுதா இந்தப் புள்ள?” நான் மலாயில் மொழிபெயர்த்தபோது அது, “அம்மாவுக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது” என்று ஆகிவிட்டது.

அத்தை சொன்னது சரிதான். ரப்பர் மரம் இருபத்தைந்து முப்பது வருஷத்தில் பால் குறைந்ததும் வெட்டிச் சாய்க்கப்படும். ஒரு காலத்தில் அது அடுப்பு விறகு. பூஞ்சையும் பூச்சியும் சீக்கிரம் பிடிக்கும் மரம் என்பதால் யாரும் சீந்தவில்லை. மருந்தேற்றி உலையில் காயவைக்கும் முறை வந்த பிறகு, மலேசியாவிலிருந்து உலகத்துக்குப் போகும் கட்டில், மேசை, நாற்காலிகளில் பெரும்பாலானவை இந்த மரம்தான். பால் வெட்டியவர்களுக்கு இவ்வளவு நல்ல மறுவாழ்வுத் திட்டம் அமையவில்லை என்பதையும் போகிறபோக்கில் சொல்லிவைக்கிறேன்.

என் கணவர் அதற்குள் வேறொரு மாதிரியில் மயங்கி நின்றார். மீன்முள் வடிவில் சாய்த்துச் சாய்த்துப் பலகை பாவும் முறை. இப்போது பெரிய ஓட்டல்களில் அதுதான் நாகரிகமாம். அத்தை அதையும் ஏற இறங்கப் பார்த்தார். “இது என்னத்துக்கு? அந்தக் காலத்துல மரத்துல இப்படித்தான் வெட்டுவாங்கன்னு எங்கம்மா சொல்லும்.” அதுவும் உண்மை. மரத்தைக் கொல்லாமல் பாலெடுக்க மீன்முள் வெட்டை 1890களில் பரப்பியவர் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தை நடத்திய ரிட்லி. அத்தையின் அம்மா கத்தி பிடித்த கோடு, மகனின் படுக்கையறைக்கு அலங்காரமாக வரப் பார்த்தது. மூலைகள் ஒத்துவராத அறையில் மீன்முள் போட்டால் கடைசி வரிசையில் மானம் போய்விடும் என்று நான் தடுத்துவிட்டேன். நேர் வரிசை, மூன்றங்குலப் பலகை என்று முடிவாயிற்று.

மரம் மெர்பாவ். செங்கால் போடத்தான் ஆசை. நெகிரி செம்பிலானில் ஸ்ரீ மெனாந்தி பழைய அரண்மனையை 1902-க்கும் 1908-க்கும் இடையில் ஒரு இரும்பு ஆணி இல்லாமல் செங்காலில் கட்டி எழுப்பினார்கள், இன்னும் நிற்கிறது. விலையைக் கேட்டதும், அரண்மனை அரண்மனையாகவே இருக்கட்டும் என்று விட்டோம். சிவப்புத் துணி கட்டிய பலகைகள் பின்னால் நீட்டிக்கொண்டிருக்க, இரவல் பிக்கப்பில் பாலம் தாண்டி வீட்டுக்கு வந்தோம்.

வந்த அன்றே அடிக்கத் தொடங்க வேண்டும் என்று அவருக்குத் துடிப்பு. பக்கத்து வீட்டு அப்பேக் மட்டும் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கையை ஆட்டினார். எண்பது வயது, ஒரு காலத்தில் தச்சு துக்காங். “காயு பூன் மாவ் ரெஹாட் லா,” என்றார். மரத்துக்கும் ஓய்வு வேண்டுமாம். கட்டைப் பிரித்து, இடையிடையே குச்சி கொடுத்து, போடப்போகும் அறையிலேயே இரண்டு வாரம் அடுக்கி வை என்றார். நாற்பது வருஷம் உழைத்த மனிதன் ஹாலில் பாயைப் போட்டுப் படுக்க, வேலைக்கே சேராத மரம் ஏர்கான் அறையில் ஓய்வெடுத்தது.

அப்பேக் சொன்னதில் சூட்சுமம் இருக்கிறது. மரம் காற்றிலிருந்து ஈரம் குடிக்கும், திருப்பிக் கொடுக்கும். நீளவாட்டில் அது அசையாது. அகலவாட்டில் ஊதும், சுருங்கும். பினாங்குக் காற்றில் வைத்த மரத்தில் சுமார் 15 விழுக்காடு ஈரம் தங்கும். ராத்திரி முழுக்க ஏர்கான் ஓடும் அறையில் அதற்கும் குறைவு. மூன்றங்குலப் பலகை ஒவ்வொன்றும் கால் மில்லிமீட்டர் ஊதினால் கண்ணுக்கே தெரியாது. ஆனால் 12 அடிக்கு 48 பலகை. கூட்டிப் பாருங்கள், 12 மில்லிமீட்டர். போக இடமில்லை என்றால் தரை நடுவில் கூனிக்கொண்டு எழும். அதனால் சுவரை ஒட்டிச் சுற்றிலும் அரை அங்குலம் இடைவெளி விட்டு, அதன் மேல் ஸ்கெர்ட்டிங் கட்டையை வைத்து மறைக்க வேண்டும்.

மைக்ரோன்காரருக்கு இது பொறுக்கவில்லை. “அரை அங்குலம் கேப்பா? இதுக்குப் பேரு ஃபினிஷிங்கா?” அப்பேக்கும் நானும் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். கடைசியில் இடைவெளி விட்டார். நெருங்கி இருப்பவர்களுக்கும் இடைவெளி வேண்டும் என்று இந்த இடத்தில் இல்லறத்தைப் பற்றி ஒரு வாக்கியம் வர வேண்டும். நீங்களே எழுதிக்கொள்ளுங்கள், எனக்கு முட்டி வலி.

பலகையின் ஒரு விளிம்பில் நாக்கு, மறு விளிம்பில் காடி. நாக்கின் மேல் சாய்வாக ஆணி அடித்து, அடுத்த பலகையின் காடியை அதன் மேல் தட்டி ஏற்ற வேண்டும். ஆணித்தலை வெளியே தெரியாது. கேட்க அழகாக இருக்கிறது. நான் மண்டியிட்டுப் பலகையைப் பிடிக்க, அவர் கொட்டாப்புளியால் தட்டுவார். “பிடிச்சிருக்கியா?” “பிடிச்சிருக்கேன்.” “நல்லாப் பிடி.” “பிடிச்சிருக்கேங்க!” பெண் பார்க்க வந்தபோதுகூட இத்தனை முறை அவர் இதைக் கேட்கவில்லை.

காலம் வேறு ஐப்பசி. தீபாவளிக்குள் முடித்துவிட வேண்டும் என்று கெடு வைத்தவர், பினாங்கில் கனமழை கொட்டுவதும் அந்த மாதங்களில்தான் என்பதை நினைக்கவில்லை. ஒரு சாயங்காலம் சன்னல் திறந்திருந்தது, சாரல் அடித்தது. மெர்பாவ் நனைந்தால் பழுப்புச் சாயம் கசியும் என்று கடையில் யாரும் சொல்லவில்லை. வார்னிஷ் பூசாத பலகையிலிருந்து வடிந்த சாயம், தூசிக்காக விரித்துவைத்திருந்த என் வெள்ளைப் படுக்கை விரிப்பில் ஏறியது. இன்றுவரை போகவில்லை. அத்தைக்கு அதில் ஒரு திருப்தி. “பால் மரம்னா வெள்ளைதான் வரும்,” என்றார்.

எல்லாப் பலகையும் உட்கார்ந்ததும், என் கணவர் நிமிர்ந்து நின்று பெருமூச்சு விட்டு, கழற்றி வைத்திருந்த கதவைத் திரும்ப மாட்டினார். கதவு திறந்தபடி இருக்கிறது, சாத்த வரவில்லை. அடியில் பிளைவுட் 12 மில்லிமீட்டர், அதன் மேல் பலகை 18. பெயர்த்தெடுத்த பார்க்கேயின் கனத்தைக் கழித்தாலும் தரை இரண்டு சென்டிமீட்டர் உயர்ந்துவிட்டது. காலிப்பரால் எல்லாவற்றையும் அளந்தவர் இதை மட்டும் அளக்கவில்லை. அப்பேக் இழைப்புளியோடு வந்து, ஒரு வார்த்தை பேசாமல் கதவின் அடியைச் சீவிக் கொடுத்துவிட்டுப் போனார். அவருக்கு அந்த வருஷம் முதல் டின் முறுக்கு போயிற்று. அந்த முறுக்கை அத்தை சமையலறைக் கதவைச் சாத்தி, இடுக்கில் ஈரத்துணி செருகி, மரத்தூளுக்குத் தப்பவைத்துப் பிழிந்தார் என்பதையும் பதிவு செய்ய வேண்டும்.

மழை ஈரத்தில் வார்னிஷ் காயாமல் கடைசி வரை இழுத்தடித்தது. தீபாவளியன்று சுங்கை பட்டாணியிலிருந்து வந்த உறவுக்காரர்களை இவர் ஒவ்வொருவராக மாடிக்கு அழைத்துப்போனார். பலகாரத்தைவிட வார்னிஷ் வாசம்தான் தூக்கலாக இருந்தது. என் கொழுந்தன் குனிந்து, விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார்.

“எஸ்.பி.சி. பிளாஸ்டிக்தானே? இப்ப மலிவாப் போட்டுத் தராங்களே. ஒரே நாள்ல முடிச்சிருவானுங்க. அச்சு அசல் மரம் மாதிரியே இருக்குண்ணே!”

என் கணவர் அன்று இரண்டு அதிரசம் தின்றார். நான் தடுக்கவில்லை.

தரை இப்போது சத்தம் போடுவதில்லை. அது ஒன்றுதான் குறை. கேசரியை என் அலமாரிக்கு மாற்றிவிட்டேன். மெர்பாவ் துண்டுகள் கொஞ்சம் மிச்சம் இருக்கின்றன, எல்லாம் மூன்றடிக்கு உட்பட்டவை. அலமாரித் தட்டுக்கு ஆகும், சாமி மாடத்துக்கும் ஆகும். வேண்டியவர்கள் ஜெலுத்தோங் பக்கம் வந்தால் இலவசமாகவே எடுத்துப்போகலாம். சீக்கிரம் வாருங்கள், அவர் கீழே ஹாலை அளக்க ஆரம்பித்துவிட்டார்.