ஹாக்வார்ட்ஸ் காலக்கணிப்பு: கேக்வெட்டுச் சான்றுகளை முன்வைத்து ஓர் ஆய்வு

தொல்காப்பியத்தின் காலம் எதுவென்று நூறாண்டுக்கு மேலாக வழக்காடி வரும் சமூகத்துக்கு, ஹாரி பாட்டரின் காலம் எதுவென்பது பொடி விஷயமாகத் தோன்றலாம். அப்படித் தோன்றுவது ஆய்வு நெறிக்கு அடுக்காது. 1997 முதல் 2007 வரை ஏழு நூல்களாக வெளிவந்த இத்தொடரில் மாதம் உண்டு, தேதி உண்டு, கிழமை உண்டு, பிறந்த நாளும் பரீட்சை நாளும் உண்டு. ஆண்டு மட்டும் லேசில் அகப்படாது. தமக்குக் கணக்கு வராது என்று ஜே.கே. ரௌலிங்கே பலமுறை சொல்லியிருக்கிறார். அதைத் தன்னடக்கம் என்று நினைத்தவர்கள் மேலே படிக்கவும்.

ஆண்டைப் பிடிக்க நமக்குக் கிடைத்த தலையாய ஆவணம் ஒரு கேக். இரண்டாம் நூலில், ஹாக்வார்ட்ஸ் பள்ளியில் உலவும் சர் நிக்கலஸ் என்ற ஆவி, தம் 500-ஆவது இறந்த நாளுக்கு விருந்து வைக்கிறார். (தம் திவசத்துக்குத் தாமே பந்தி போட்டவர் நம் பக்கத்தில் இல்லை.) நிலவறையில் நீள மேசை. வெள்ளித் தட்டுகளில் அழுகிய மீன், கரிந்துபோன கேக்குகள், புழு வைத்த இறைச்சி, பூசணம் பூத்த பாலாடைக்கட்டி. எல்லாவற்றுக்கும் நடுநாயகமாகக் கல்லறைக் கல் வடிவில் சாம்பல் நிறக் கேக் ஒன்று. அதன்மேல் தார் போன்ற ஐசிங்கில் அவர் பெயரும் இறந்த தேதியும்: 1492 அக்டோபர் 31. ஐந்நூறைக் கூட்டினால் 1992. ஹாரிக்கு அப்போது வயது 12. ஆகவே அவன் பிறந்தது 1980 ஜூலை 31 என்பது போதரும். ஏழாம் நூல் வந்து ஹாரியின் பெற்றோர் கல்லறையில் 1981 அக்டோபர் 31 என்று பொறித்திருப்பதைக் காட்டியது 2007-இல்தான். 1998 முதல் அதுவரை ஆய்வுலகம் பெரிதும் நம்பியிருந்த கல்வெட்டு இந்தக் கேக்வெட்டே.

இதில் ஒரு பாடபேதமும் உண்டு. முதல் நூலின் பழைய பதிப்புகளில் இதே ஆவி, தான் சாப்பிட்டு ஏறக்குறைய 400 ஆண்டாகிறது என்கிறது. பின்வந்த பதிப்புகளில் அது 500 ஆயிற்று. திருத்திய பாடமே சரி என்பார் ஒரு சாரார். இக்கட்டுரையாளர் பழைய பாடத்தையே கொள்வார். செத்த பிறகும் நூறாண்டு பந்தியை விட்டு எழுந்திருக்காத ஒருவரால்தான் அழுகிய மீனை அத்தனை உபசாரத்தோடு பரிமாற முடியும் என்க.

ஆக, ஆண்டு கிடைத்துவிட்டது. கிடைத்த கையோடு காலண்டரைப் புரட்டினால் கிழமைகள் கலகம் செய்கின்றன. முதல் நூலின் தொடக்கம், ஹாரியின் பெற்றோர் இறந்த மறுநாள். செவ்வாய்க்கிழமை என்கிறது நூல். பெரியப்பா வெர்னான் டர்ஸ்லி டை கட்டிக்கொண்டு துளைக்கருவிக் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறார். 1981 நவம்பர் 1 ஞாயிற்றுக்கிழமை. சரி, கடமை உணர்ச்சி என்று விடலாம். நான்காம் நூலில் பள்ளி தொடங்கும் செப்டம்பர் 2 திங்கள். ஐந்தாம் நூலில் மறு ஆண்டின் செப்டம்பர் 2-உம் திங்கள். 365-ஐ ஏழால் வகுத்தால் ஒன்று மிஞ்சும் என்ற உண்மை மந்திர உலகுக்கு எட்டவில்லை போலும். உள்ளபடி அவை வெள்ளியும் சனியும். இதையும் மன்னிக்கலாம். லீவு முடிந்து பள்ளி திறக்கும் நாள் எந்தப் பிள்ளைக்கும் திங்களாகத்தான் படும்.

மன்னிக்க முடியாதது நான்காம் நூலின் அறிவிப்புப் பலகை. வெளிநாட்டுப் பள்ளிகளின் குழுக்கள் அக்டோபர் 30 வெள்ளிக்கிழமை மாலை 6 மணிக்கு வருவதாக அதில் எழுதியிருக்கிறது. செப்டம்பர் 2 திங்கள் என்றால் அக்டோபர் 30 புதன்தான். விரல் விட்டு எண்ணினாலும் புதன்தான். பிறகு நவம்பர் 24 அன்று டிராகன் போட்டி, செவ்வாய்க்கிழமை. இது அந்த வெள்ளியோடு கச்சிதமாகப் பொருந்துகிறது. அதாவது பள்ளி திறந்ததற்கும் விருந்தாளிகள் வந்ததற்கும் இடையே எங்கோ இரண்டு நாள் உபரியாக முளைத்திருக்கிறது. நம் பஞ்சாங்கத்தில் அதிக மாதம் வருவதுண்டு. அதிக நாள் வருவது அங்கே மட்டும்.

இங்கேதான் இக்கட்டுரையாளரின் புதிய கொள்கை நுழைகிறது. மந்திரவாதிகள் ஊர்க்கண்ணிலிருந்து மறைந்து வாழ வகைசெய்த சட்டம் கையொப்பமானது 1689-இல் என்பது நூலுக்குள் கிடைக்கும் அகச்சான்று. பிரிட்டன் பழைய ஜூலியன் நாட்காட்டியைக் கைவிட்டு கிரிகோரியனுக்கு மாறியதோ 1752-இல். அந்த ஆண்டு செப்டம்பர் 2-க்கு மறுநாள் செப்டம்பர் 14. பதினொரு நாள் போன இடம் தெரியவில்லை. அதே செப்டம்பர் 2! 63 ஆண்டு முன்னதாகவே ஒளிந்துகொண்டவர்களை நாடாளுமன்றத்தின் சட்டம் எப்படிக் கட்டுப்படுத்தும்? பால்பாயின்ட் பேனாவுக்கே மாறாமல் இறகைத் தொட்டு எழுதுகிறவர்கள், 29 நட் ஒரு சிக்கிள், 17 சிக்கிள் ஒரு கேலியன் என்று காசு எண்ணுகிறவர்கள், காலண்டரை மட்டும் மாற்றிக்கொண்டிருப்பார்களா? ஆகவே அவர்கள் இன்றும் ஜூலியன் கணக்கில்தான் வாழ்கிறார்கள்.

சோதித்துப் பார்ப்போம். இரு நாட்காட்டிகளுக்கும் இப்போது 13 நாள் வித்தியாசம். ஹாரியின் 11-ஆம் பிறந்த நாளான 1991 ஜூலை 31-ஐ நூல் செவ்வாய் என்கிறது. நம் காலண்டரில் புதன். 13-ஐக் கூட்டினால் ஆகஸ்ட் 13. செவ்வாய்! இந்த இடத்தில் இக்கட்டுரையாளர் எழுந்துபோய் ஒரு காபி போட்டுக் குடித்தார்.

ஆனால் அன்றைய கிழமைக்குச் சாட்சி யார் என்று பார்த்தால் டட்லி. இன்று திங்கள், ராத்திரி டிவியில் தன் நிகழ்ச்சி போய்விடுமே என்று முந்தின நாள் சிணுங்குகிற பெரியம்மா பிள்ளை. மந்திரம் என்ற சொல்லையே வீட்டில் எடுக்க விடாத குடும்பம் ஜூலியன் கணக்குக்குப் பொருந்துகிறது. மந்திரவாதிகளின் தேதிகளோ அடங்க மறுக்கின்றன. 1981 நவம்பர் 1-க்குப் பதின்மூன்றைக் கூட்டினால் சனி. 1994 செப்டம்பர் 2-க்குக் கூட்டினால் வியாழன். கொள்கையில் குறையில்லை. சான்றுகள்தாம் ஒத்துழைக்கவில்லை. தவிர, 1994 கோடையில் டட்லி ஆத்திரத்தில் தன் பிளேஸ்டேஷனை ஜன்னல் வழியே வீசி எறிகிறான். அந்தக் கருவி ஜப்பானிலேயே அந்த ஆண்டு டிசம்பரில்தான் கடைக்கு வந்தது. ஐரோப்பாவுக்கு 1995 செப்டம்பரில். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், அந்த வீட்டில் காலத்தைத் தாண்டும் ஆற்றல் படைத்தவன் ஹாரி அல்லன் என்பது தெளிவு.

அடுத்து நிலவு. மூன்றாம் நூலின் உச்சக்கட்டம் 1994 ஜூன் 6. பரீட்சை முடியும் நாள், பக்பீக் என்ற மந்திர விலங்கின் மீதான வழக்கின் மேல்முறையீட்டு நாள், இரவு முழுநிலவு. பேராசிரியர் லூபின் அன்று குடிக்க வேண்டிய மருந்தை மறந்து, நிலவைக் கண்டதும் ஓநாயாகிறார். அந்த ஆண்டு மே 10-இல் சூரிய கிரகணம். கிரகணமென்றால் அமாவாசை. அதிலிருந்து இருபத்தொன்பதரை நாள் எண்ணினால் அடுத்த அமாவாசை ஜூன் 9. எனவே ஜூன் 6 இரவு வானத்தில் இருந்திருக்கக்கூடியது விடியற்காலையில் தலைகாட்டும் ஒரு கீற்று. நூல் அந்நாளை வியாழன் என்கிறது, உண்மையில் அது திங்கள் என்பதையெல்லாம் இங்கே பெரிதுபடுத்த வேண்டாம். நியாயத்தைப் பேசுவோம். அமாவாசைக்கு மூன்று நாள் இருக்கையில் எந்த ஓநாய்மனிதன் ஞாபகமாக மருந்து குடிப்பான்? குடித்திருந்தால்தான் பிசகு. அந்த மனிதர் மறுநாளே வேலையை விட்டுப் போக நேர்ந்தது. பஞ்சாங்கம் பார்க்கத் தெரிந்த ஒரு வக்கீல் கிடைத்திருந்தால் வேலை தப்பியிருக்கும்.

உரையாசிரியர்கள் அதிகம் மல்லுக்கட்டியது 1981-இல் காணாமல்போன ஒரு நாளைப் பற்றி. அக்டோபர் 31 இரவு ஹாரியின் வீடு இடிகிறது. அக்கம்பக்கத்தார் திரள்வதற்குள் பள்ளியின் வனக்காவலர் ஹாக்ரிட் பிள்ளையைத் தூக்கிவிடுகிறார். டர்ஸ்லி வீட்டு வாசலில் அவர் வந்து இறங்குவது மறுநாள் நள்ளிரவில், அதுவும் பறக்கும் மோட்டார் சைக்கிளில். இடைப்பட்ட 24 மணி நேரம் ஒன்றேகால் வயதுப் பிள்ளை எங்கே இருந்தது, யார் பால் கொடுத்தார்கள், யார் துணி மாற்றினார்கள்? பிரிஸ்டல் மேலே பறக்கும்போது தூங்கிவிட்டான் என்பதற்கு மேல் ஹாக்ரிட் வாய் திறப்பதில்லை. இக்கட்டுரையாளருக்கு இதில் ஐயமில்லை. 1981-இல் தொலைந்த அந்த ஒரு நாள்தான் 1994 அக்டோபரில் வட்டியோடு இரண்டு நாளாகத் திரும்பி வந்தது.

கடைசியாக ஒரு பணிமூப்பு வழக்கு. ஐந்தாம் நூலில், 1995-இல், எத்தனை வருடமாகக் கற்பிக்கிறீர்கள் என்று மந்திர அமைச்சகத்திலிருந்து வந்த அம்பிரிட்ஜ் கேட்க, இந்த டிசம்பரோடு 39 ஆண்டு என்கிறார் பேராசிரியர் மெக்கோனகல். அதன்படி அவர் பணியில் சேர்ந்தது 1956 டிசம்பர். பிறந்ததே 1935 என்பது உரையாசிரியர் கொள்கை. இதே மந்திர உலகைக் காட்டும், 2018-இல் வெளிவந்த கிரிண்டெல்வால்ட் படமோ 1927-இல் நடப்பது. அதில் அதே பள்ளியில் அதே மெக்கோனகல் பிள்ளைகளை அதட்டிக்கொண்டிருக்கிறார். படம் இடைச்செருகல் என்று தள்ளிவிடலாம் என்றால், திரைக்கதை எழுதியவரும் ரௌலிங்தான். எனவே 1927 முதல் 1956 வரை, பிறப்பதற்கு முந்தைய சேவையையும் உள்ளிட்டு, மேற்படி ஆசிரியையின் பணிக்காலத்தை முறைப்படுத்தி, ஊதிய உயர்வு நிலுவையுடன் ஓய்வூதியத்தைத் திருத்தி நிர்ணயிக்குமாறு மந்திர அமைச்சகத்தை இக்கட்டுரை கேட்டுக்கொள்கிறது.