குரூப் அக்கா

உங்கள் போனிலும் அவர் இருக்கிறார். எப்போது வந்தார் என்று கேட்டால் உங்களுக்குச் சொல்லத் தெரியாது. ஏதோ ஒரு வளைகாப்பில், ஸ்கூல் வாசலில், "நம்பர் சொல்லு தங்கம், ஒரு மிஸ்டு கால் விடறேன்" என்று ஒருவர் கேட்டிருப்பார். நீங்களும் மரியாதைக்குச் சொல்லித் தொலைத்திருப்பீர்கள். மறுநாள் விடியும்போது, ஏதோ ஓர் அம்மன் பெயரோடு 'கலெக்‌ஷன்ஸ்' ஒட்டிக்கொண்ட வாட்ஸப் குரூப்பில் அறுநூற்றுச் சொச்சமாவது ஆளாக உட்கார்ந்திருப்பீர்கள்.

அந்தக் குரூப்பின் அட்மின்தான் குரூப் அக்கா. கடை கிடையாது, பலகை கிடையாது, கல்லாப்பெட்டி கிடையாது. ஒரு போன், ஒரு ரிங் லைட், கட்டிலுக்கு அடியில் நாலு பண்டல், அப்புறம் ஒரு கணவர். கணவருக்குப் பின்னால் வருவோம்.

காலை ஐந்தரைக்கு குட்மார்னிங் பிள்ளையாரோடு அக்காவின் வியாபாரம் தொடங்கும். பிள்ளையார் இலவசம். அவர் முதுகைப் பிடித்துக்கொண்டே நாற்பது புடவைகள் வரும். ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரே மந்திரம்: "சாஃப்ட் சில்க், ரிச் பல்லு, கான்ட்ராஸ்ட் பிளவுஸ், சிங்கிள் பீஸ், ஷிப்பிங் எக்ஸ்ட்ரா, நோ சிஓடி." சிங்கிள் பீஸ் என்று போட்ட அந்தப் புடவை மூன்று வாரமாக சிங்கிள் பீஸாகவே இருக்கும். எத்தனை பேர் வாங்கினாலும் ஒன்று மிச்சம் இருக்கும்.

யாராவது விவரம் தெரிந்தவர், "அக்கா, சில்க் மார்க் இருக்கா?" என்று கேட்டுவைப்பார். அக்கா அசரமாட்டார். "சாஃப்ட் சில்க்குக்கு அதெல்லாம் வராதுடா. ஆனா கைல எடுத்துப் பாரு, வெண்ணெய் மாதிரி இருக்கும்." அக்கா அந்தப் புடவையைக் கையில் எடுத்துப் பார்த்ததே இல்லை. அவரிடம் இருப்பது படம்தான்.

அந்தப் படம் நடந்து வந்த வழி சுவாரசியமானது. பெரும்பாலும் கிளம்பும் இடம் இளம்பிள்ளை. சேலத்துக்குப் பக்கத்தில் தறிச் சத்தம் ஓயாத ஊர். அங்கே ஐந்நூற்றைம்பது ரூபாய்க்குக் கிளம்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்த வியாபாரியின் குரூப்பில் அறுநூறு. அங்கிருந்து எடுத்துப்போடும் ஓர் அக்காவிடம் அறுநூற்றெண்பது. நம் அக்காவிடம் எழுநூற்றெண்பது. நம் அக்காவிடம் வாங்கும் திருப்பூர் அக்கா, தன் குரூப்பில் எண்ணூற்றெண்பது போடுவார். ஒவ்வொரு கை மாறும்போதும் படத்தில் ஒரு வெட்டு விழும். முதலில் மாடல் பெண்ணின் தலை போகும். பிறகு கால் போகும். முந்தியில் திடீரென்று ஒரு ரோஜாப்பூ ஸ்டிக்கர் பூத்திருந்தால், அதற்கு அடியில் வேறோர் அக்காவின் போன் நம்பர் இருக்கிறது என்று அர்த்தம். ஆர்டர் விழுந்ததும் பணம் மட்டும் கை கையாக மேலே ஏறும். பார்சல் நேரே இளம்பிள்ளையிலிருந்து உங்கள் வீட்டுக்கு வரும். அனுப்புநர் இடத்தில் நம் அக்காவின் பெயர். 2015-இல் பெங்களூரில் ஆரம்பித்த மீஷோ ஆப் முதலில் வளர்ந்ததே இந்த மாதிரி லட்சக்கணக்கான அக்காக்களின் மார்ஜினை நம்பித்தான்.

இந்தச் சங்கிலியின் சங்கடம், நமக்குச் சொந்தக்காரர்கள் அதிகம் என்பதுதான். ஒரே அரக்குப் புடவை ஒரே காலையில் உங்கள் போனுக்கு மூன்று விலையில் வரும். குறைந்த விலைக்குக் கொடுப்பவர் முன்பின் தெரியாதவர். அதிக விலைக்குக் கொடுப்பவர் அண்ணியின் தங்கை. எங்கே வாங்குவீர்கள் என்பது உங்களுக்கே தெரியும்.

இரவு ஒன்பதரைக்கு, கட்டிலுக்கு அடியில் கிடக்கும் பண்டல்களைப் பிரித்து லைவ். சீரியல் முடிந்து, தோசைக்கல் இறங்கியிருக்கும். "ஹலோ ஹலோ, வாய்ஸ் கேக்குதா? கேட்டா ஒரு ஹார்ட் போடுங்க." கணவர் வருவது இங்கேதான். முழுதாக வரமாட்டார், இரண்டு கைகள் மட்டும் வரும். புடவையின் இரண்டு நுனியைப் பிடித்தபடி ஒன்றரை மணி நேரம் அந்தக் கைகள் அந்தரத்தில் நிற்கும். முகத்தை யாரும் பார்த்ததில்லை. ஆனாலும் ஒரு கல்யாணப் பந்தியில் அவர் பாயசம் ஊற்றியபோது, இலையில் உட்கார்ந்திருந்த அம்மா பவழ மோதிரத்தைப் பார்த்து, "லைவ்ல முந்தி பிடிப்பீங்களே, அந்த அண்ணன்தானே?" என்று கேட்டுவிட்டாராம்.

லைவில் அக்கா விலையை மூன்று முறை சொல்வார். மூன்றாவது முறை சொல்லி வாய் மூடுமுன், "விலை?" என்று கமெண்ட் வரும். "முந்தி காட்டுங்க." "அண்ணா, கொஞ்சம் மேல தூக்குங்க." "இதே டிசைன்ல ராமர் பச்சை இருக்கா?" உள்ளேயிருந்து குக்கர் விசில் அடிக்கும். நூறு புடவை காட்டி முடித்த பிறகு தவறாமல் ஒருவர் கேட்பார்: "நீங்க கட்டியிருக்கறது என்ன ரேட்டு?" அக்கா வெட்கப்படுவார். "ஐயோ, இது சேல்ஸுக்கு இல்லடா, என் தங்கச்சி வளைகாப்புக்கு எடுத்தது." மறுநாள் காலைப் பிள்ளையாருக்குப் பின்னால் அதே புடவை பன்னிரண்டு கலரில் நிற்கும்.

ஃபேஸ்புக் தன் நேரலைக் கடை வசதியை 2022 அக்டோபர் 1-ஆம் தேதி இழுத்து மூடியது. ஜனங்கள் ரீல்ஸ் பக்கம் போய்விட்டார்கள் என்று காரணம் சொன்னது. அக்காவுக்கு இந்தச் செய்தியே வந்துசேரவில்லை. அவர் அந்த வசதியைத் தொட்டதும் இல்லை. வெறும் லைவ் போட்டு, "பிடிச்சதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸப்புக்கு அனுப்புங்க" என்று சொல்கிறவர். ஃபேஸ்புக்கின் மென்லோ பார்க்கில் மூடிய கடை அக்காவின் மேட்டுத்தெருவில் நன்றாகவே ஓடுகிறது.

என் பாட்டி காலத்தில் தவணைப் புடவைக்காரர் சைக்கிளில் மூட்டையோடு வருவார். திண்ணையில் அத்தனையையும் விரித்துப் போடுவார். பாட்டி தடவிப் பார்ப்பாள், வெயிலில் பிடித்துப் பார்ப்பாள், சாயம் போகுமா என்று நாலு தரம் கேட்பாள். புடவை அன்றைக்கே வீட்டுக்குள் போய்விடும். பணம் மாதாமாதம் பத்து பத்தாகப் போகும். அவர்தான் பாட்டியை நம்பவேண்டியிருந்தது. இப்போது ஏற்பாடு தலைகீழ். பணம் முதலில் ஜிபேயில் போகிறது, புடவை பிறகு வருகிறது, நம்பவேண்டியவர் நீங்கள். அந்த நம்பிக்கைக்கு அக்கா கொடுக்கும் ஒரே ஜாமீன், உங்களை 'தங்கம்' என்று கூப்பிடுவதுதான்.

இதில் அன்பாக்ஸிங் வீடியோ என்று ஒரு சடங்கு உண்டு. பார்சலைப் பிரிக்கும்போதே வீடியோ எடுக்கவேண்டும், "நோ பாஸ், நோ கட், நோ எடிட்." வீடியோ இல்லாவிட்டால் கிழிசல் இருந்தாலும் ரிட்டன் கிடையாது. ஆகவே பையன் போனைப் பிடிக்க, அம்மா பார்சலை ஆறு பக்கமும் திருப்பிக் காட்டி, கத்தரியைத் தூக்கிக் காட்டி, பிரிப்பார். பையன் கை வலித்து போனை வேறு கைக்கு மாற்றும் அந்த ஒரு நொடியில்தான் கறை தென்படும். அக்காவின் தீர்ப்பு உடனே வந்துவிடும்: "அந்த இடத்துல வீடியோ ஷேக் ஆகுதேடா." கலர் மாறி வந்தால் அப்பீலே இல்லை. அது லைட்டிங்.

சரி, வெளியேறிவிடலாம் என்று நினைப்பீர்கள். ஒரு குரூப்பில் 256 பேர்தான் என்று இருந்ததை வாட்ஸப் 2022-இல் 512 ஆக்கி, அதே வருஷம் 1024 ஆக்கியது. ஒருவர் போனால் யாருக்குத் தெரியப்போகிறது? அந்த வருஷமே சத்தமில்லாமல் வெளியேறும் வசதியையும் கொடுத்தது. போனால் அட்மினுக்கு மட்டும்தான் தகவல் போகும். உங்கள் மானத்தைக் காப்பாற்றத்தான் இப்படிச் செய்தார்கள். அந்த அட்மின் உங்கள் நாத்தனார் வீட்டுக்கு எதிர்வீடு என்று அவர்களுக்கு யார் சொல்வது? பத்து நிமிஷத்தில் தனி மெசேஜ் வரும். "என்னடா தங்கம், வெளிய போயிட்ட? அக்கா மேல ஏதாவது வருத்தமா?" கைதவறிப் பட்டுவிட்டது என்பீர்கள். உடனே 'குரூப் 4'-இல் சேர்க்கப்படுவீர்கள். வெட்கத்துக்கு ஒரு கல்யாணி காட்டன் வாங்குவீர்கள்.

இத்தனையும் செய்து அக்கா எவ்வளவு சேர்த்துவைத்திருக்கிறார் என்று கேட்டால், கணவர் சிரிப்பார். புடவைக்கு நூறு என்று வரும் மார்ஜின் அத்தனையும் ஒன் கிராம் கோல்டு விற்கும் இன்னோர் அக்காவின் குரூப்புக்குப் போகிறது. அங்கே நம் அக்கா வெறும் தங்கம். படத்திலேயே கொட்டை எழுத்தில் விலை போட்டிருக்கும் நெக்லஸுக்குக் கீழே "விலை?" என்று கேட்பவர் அவர்தான். சொன்னால், "லாஸ்ட் எவ்ளோ சிஸ்?" போன வாரம் வந்த ஜிமிக்கியில் ஒரு கல் இல்லை. அன்பாக்ஸிங் வீடியோ எங்கே என்று கேட்டார்கள்.

"அதெல்லாம் யாருங்க எடுத்துட்டு இருப்பாங்க?" என்று வாய்ஸ் நோட் அனுப்பியிருக்கிறார்.